தண்ணீர் வடிந்த ஆற்றைப் படிப்பது எப்படி: தென்பெண்ணை முதல் ஒகேனக்கல் வரை ஒரு களக் கையேடு

ஆறு நிலத்தை வெட்டுவதும் மேடு போடுவதும் ஆண்டில் சில நாட்களில்தான் நடக்கிறது. மீதி நாளெல்லாம் செய்து முடித்த வேலை அப்படியே கிடக்கும். அதனால் ஆற்றின் வேலையைத் தெரிந்துகொள்ள வெள்ளத்தை வேடிக்கை பார்க்கப் போகவேண்டாம். மாசிக்கும் வைகாசிக்கும் இடையில், தண்ணீர் வடிந்து படுகை தெரியும்போது போங்கள்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் இரண்டு ஆறுகளுக்கும் இரண்டு காலக்கணக்கு. காவிரிக்கு வெள்ளம் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வருகிறது. தர்மபுரியில் ஒரு தூறல்கூட இல்லாத ஆடி மாதத்தில் ஒகேனக்கல் பாறைகள் மூழ்கிக் கிடப்பது அதனால்தான். நந்தி மலையில் பிறந்து ஓசூர் வழியாக வரும் தென்பெண்ணைக்கோ பெரிய வெள்ளம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை அனுமன்தீர்த்தம் பக்கம் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மணல் திட்டு போனது, எது புதிதாக வந்தது என்று வீட்டிலிருந்தே தேட ஆரம்பிக்கலாம்.

இறங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளுக்குக் கீழே படுகை காய்ந்து கிடந்தாலும் மதகு திறந்தால் தண்ணீர் வந்துவிடும். வெள்ள அபாய எச்சரிக்கை இருக்கும் நாளில் போகாதீர்கள். ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தியிருந்தால் பாறைப் பக்கமும் போகவேண்டாம். அங்கே முதலைகளும் உண்டு; மடு ஓரத்தில் குனிந்து அளவெடுக்கும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். காட்டுக்குள் போகும் கரைக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

பாடநூல் படத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

மலையில் இளம் ஆறு 'வி' வடிவப் பள்ளம் வெட்டும், சமவெளியில் முதிர்ந்து வளையும், கடலோரத்தில் மூப்படைந்து டெல்டா போடும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் படத்தோடு ஒகேனக்கல் போனால் குழப்பம்தான் மிஞ்சும். காவிரி மைசூர்ப் பீடபூமியில் அகன்று நிதானமாக வருகிறது. பிறகு சிவனசமுத்திரத்தில் சுமார் 98 மீட்டர் விழுகிறது, மேகேதாட்டில் ஒடுங்குகிறது, ஒகேனக்கல்லில் மறுபடி விழுந்து பாறை இடுக்கில் ஓடுகிறது. 'முதிர்ந்த' ஆறு நடுவழியில் மறுபடி 'இளம்' ஆறாகிறது. தென்பெண்ணையும் ஓசூர்ப் பக்கம் சுமார் 900 மீட்டர் உயரத்து மேட்டிலிருந்து கிருஷ்ணகிரியின் 500 மீட்டர் உயரத்துக்குச் சட்டென்று இறங்குகிறது.

ஆற்றுக்கு வயது பார்க்காதீர்கள். அந்தந்த இடத்தில் சரிவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கரையும் படுகையும் எதனால் ஆனவை என்று மூன்றைப் பாருங்கள். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

எடுத்துப்போக வேண்டியவை

30 மீட்டர் டேப், 50 மீட்டர் நைலான் கயிறு, இரண்டு மீட்டர் மூங்கில் குச்சி (10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டது), கொத்தனார் மட்டம் பார்க்கும் 10 மீட்டர் டியூப், ஒரு ஸ்கேல், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், பிளாஸ்டிக் பை, நோட்டு, பென்சில். தண்ணீர் ஓடினால் மூன்று ஆரஞ்சுப் பழம். ஆரஞ்சு முக்கால்வாசி மூழ்கி மிதக்கும். காற்று அதைத் தள்ளாது. தெர்மக்கோல், காலி பாட்டில் இரண்டும் காற்றோடு ஓடி வேகத்தைத் தப்பாகக் காட்டும்.

முதலில் சரிவு

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஆற்றை ஒரு கோடு வெட்டும் இடத்திலிருந்து அடுத்த கோடு வெட்டும் இடம் வரை, ஆற்றின் வளைவுகளோடு சேர்த்து நூல் வைத்து அளக்கவும். அந்த நீளம் 6 கி.மீ. என்றால் சரிவு 6000-க்கு 20, அதாவது 300 மீட்டருக்கு ஒரு மீட்டர். இப்படி அடுத்தடுத்து நாலைந்து துண்டுகளுக்குக் கணக்குப் போட்டு வரைந்தால், சரிவு திடீரென்று கூடும் இடம் தெரியும். அந்த இடத்துக்கு நேரில் போனால் பெரும்பாலும் குறுக்கே ஒரு பாறைத் தொடர் இருக்கும். கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை நம்பிச் சரிவு கணக்கிடாதீர்கள்; பல மீட்டர் பிசகும், நமக்கு வேண்டியதோ சில மீட்டர் வித்தியாசம்.

வரைபடத்தில் இன்னொன்றும் பாருங்கள். ஆறு மென்மையாக வளையாமல் முழங்கைபோல் ஒடித்துத் திரும்புகிறதா? அது பெரும்பாலும் பாறை வெடிப்பின் வழியே போகிற ஆறு. தன் வண்டலில் தானே வளைகிற ஆற்றில் ஒரு மடுவுக்கும் அடுத்த மடுவுக்கும் தூரம் படுகை அகலத்தின் 5 முதல் 7 மடங்கு என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. இங்கே சார்னகைட், நைஸ் என்னும் கெட்டிப் பாறைகள் அடிக்கடி தலைகாட்டுவதால் அந்தக் கணக்கு நிறைய இடத்தில் தவறும். தவறுகிற இடத்தில் அடியில் பாறையைத் தேடுங்கள்.

குறுக்குவெட்டும் வேகமும்

ஒரு நேரான பகுதி, அதற்கு அடுத்த ஒரு வளைவு, இரண்டும் வேண்டும். பாலத்துக்கோ தடுப்பணைக்கோ பக்கத்தில் வேண்டாம். அங்கே ஆற்றின் வடிவம் சிமெண்டு செய்தது.

ஒரு கரை மேலிருந்து மறுகரைக்குக் கயிறு கட்டவும். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று டியூப்பில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும். ஆறு டியூப்பைவிட அகலமாக இருந்தால் நடுவே குச்சிகள் நட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு மட்டத்தை எடுத்துச் செல்லலாம். டியூப்பில் காற்றுக்குமிழி நின்றால் மட்டம் பொய்யாகிவிடும். விரலால் தட்டி வெளியேற்றுங்கள். பிறகு கயிற்றிலிருந்து படுகை வரை நேர்க்கீழாக அளக்கவும். அகலம் எதுவாக இருந்தாலும் 20 அளவு போதும். 40 மீட்டர் ஆற்றில் 2 மீட்டருக்கு ஒன்று. நீளக் கயிறு நடுவில் தொய்யும், ஆகவே அந்த நடுக்குச்சிகளிலேயே தூக்கிக் கட்டுங்கள். தொய்ந்த கயிற்றில் அளந்தால் நடுப்படுகை இல்லாத மேடாகத் தெரியும்.

தண்ணீர் ஓடினால், நேரான பகுதியில் 10 மீட்டர் குறித்து, ஆரஞ்சைக் குறிக்கு இரண்டு மீட்டர் மேலேயே விடவும். மூன்று முறை விட்டுச் சராசரி எடுங்கள். மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் மெதுவாகவும் போவதால், கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும்; கல் நிறைந்த ஆழமில்லாத இடத்தில் 0.8. உதாரணமாக அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் பரப்பு 2.4 சதுர மீட்டர். 10 மீட்டருக்கு 20 விநாடி என்றால் மேல்வேகம் 0.5, 0.85-ஆல் பெருக்கினால் 0.425. பரப்போடு பெருக்க விநாடிக்கு 1.02 கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி, ஆக சுமார் 36 கன அடி. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் 36-ஐ வைத்துப் பார்த்தால்தான் வெள்ளத்தின் பலம் உறைக்கும்.

அந்தப் பலம் நேர்க்கணக்கில் ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய பொறியாளர் கணக்கு. ஆண்டு முழுக்கக் கூழாங்கல்லைக்கூட அசைக்காத ஓடை ஒரே ராத்திரியில் ஆட்டுக்கல் பருமன் கல்லை இழுத்துப்போவது அதனால்தான்.

வெள்ளம் எதுவரை ஏறியது என்று தெரிய மரக்கிளையில் சிக்கிய சருகு, துணி, பிளாஸ்டிக் பாருங்கள். பக்கத்து வயலில் ஆள் இருந்தால், “அண்ணா, போன வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் ஏறுச்சு?” என்று கேட்டு, அவர் காட்டும் இடத்தையும் அளந்து எழுதுங்கள். கிளையில் தொங்கும் சருகின் உயரத்தை அப்படியே எடுக்காதீர்கள். வெள்ளத்தில் வளைந்த கிளை பிறகு நிமிர்ந்திருக்கும். தண்டிலும் கரையிலும் உள்ள சேற்றுக் கோடுதான் நம்பகமானது.

கல்லும் மணலும்

கல் திட்டில் குதிகாலும் நுனிவிரலும் ஒட்டி நடந்து, ஒவ்வோர் அடியிலும் கீழே பார்க்காமல் விரல் முதலில் தொடும் கல்லை எடுக்கவும். பார்த்து எடுத்தால் கை பெரிய கல்லையும் அழகான கல்லையும்தான் தேடும். நீளம், தடிமன் இரண்டையும் விட்டு நடு அகலத்தை அளக்கவும். இப்படி 100 கல். வரிசைப்படுத்தினால் 50-ஆவது கல் அந்தத் திட்டின் நடு அளவு. 2 மி.மீ.க்குக் கீழே மணல், 64 மி.மீ. வரை சரளை, 256 மி.மீ. வரை உருண்டைக் கல், அதற்கு மேல் பாறாங்கல்.

அணைக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று எண்ணினால் பெரும்பாலும் கீழே கல் பருமனாக இருக்கும். அணையில் வண்டலை இறக்கிவிட்டுத் தெளிந்து வரும் தண்ணீருக்குச் சுமை இல்லை. போகிற வழியில் மணலைத் தூக்கிச் சுமை ஏற்றிக்கொள்ளும், தூக்க முடியாத கல்லை மேலே விட்டுவைக்கும். மணல் அள்ளிய குழியும் இதே போலத் தொல்லை தரும். குழியின் மேல்விளிம்பில் தண்ணீர் விழுந்து விழுந்து பள்ளம் ஆற்றின் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டே போகும். அரை கிலோமீட்டர் தள்ளிப் பாலத் தூணின் அடித்தளம் வெளியே தெரிந்தால் அந்தத் தூணடியில் மட்டும் காரணம் தேடாதீர்கள்.

தட்டைக் கற்கள் கிடக்கும் திட்டில், அவை நாட்டு ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். தட்டை முகம் தண்ணீர் வந்த திசையை நோக்கிச் சரிந்திருக்கும். மேல்விளிம்பு தண்ணீர் போகும் பக்கம் தூக்கி அடுத்த கல்லின்மேல் படிந்திருக்கும். கிணறு வெட்டும்போது 3 மீட்டர் ஆழத்தில் இப்படி அடுக்கான கற்கள் வந்தால், அங்கே பழைய ஆறு எந்தப் பக்கமாக ஓடியது என்று அந்தக் கல்லே சொல்லிவிடும். கல்லைக் கிளறுவதற்கு முன் படம் எடுங்கள்.

மணலை ஒரு கை அள்ளி வெயிலில் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னுவது குவார்ட்ஸ். இளஞ்சிவப்பு, வெள்ளைத் துணுக்குகள் ஃபெல்ட்ஸ்பார்; தூரம் போகப் போக அது இற்றுக் களிமண்ணாகும். அதனால் ஃபெல்ட்ஸ்பார் நிறைய இருந்தால் மணல் பக்கத்துப் பாறையிலிருந்து வந்தது. நெடுக்காகக் கறுப்புக் கோடு ஓடும் இடத்தில் காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் தடவினால் மேக்னடைட் துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். பையில்லாமல் தடவினால் காந்தத்தைச் சுத்தம் செய்வதற்குள் பொழுது போய்விடும். கறுப்புத் துகள் கனமானது. லேசான குவார்ட்ஸை மட்டும் தூக்குகிற அளவுக்குத் தண்ணீர் ஓடிய இடத்தில்தான் அது தனியே கோடாக நிற்கும்.

வளைவு: இங்கே நேரம் செலவழியுங்கள்

வளைவில் மேல்தண்ணீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்பட்டு, அங்கே கீழே அமிழ்ந்து, அடியோடு உள்கரைக்குத் திரும்புகிறது. முறுக்கிக்கொண்டே முன்னேறும் ஓட்டம் இது. வெளிக்கரையில் தோண்டியதை அடித்தண்ணீர் உள்கரைப் பக்கம் ஒதுக்குகிறது. அதனால் ஒரு கரை செங்குத்து, எதிர்க்கரை சரிவான மணல் திட்டு. தண்ணீர் ஓடும்போது ஒரு பிடி உமியைத் தூவினால் அது வெளிக்கரைக்கு ஒதுங்குவதைப் பார்க்கலாம்.

அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும் இடம் வளைவின் உச்சி அல்ல. உச்சிக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் போகும் பக்கம். வளைவு அகலப்படுவதோடு கீழ்நோக்கி நகரவும் செய்வது அதனால். மணல் மூட்டையை உச்சியில் அடுக்கிவிட்டு, பத்தடி தள்ளி வரப்பு சரிந்ததைப் பார்த்துத் தலையில் கை வைப்பது இங்கே வழக்கமாகிப்போன காட்சி.

செங்குத்துக் கரையை மேலிருந்து கீழாக மண்வெட்டியால் லேசாகச் செதுக்கி அடுக்குகளை வரையுங்கள். அடியில் சரளை, அதன்மேல் பருமணல், பிறகு பொடி மணல், உச்சியில் வண்டல் என்று மேலே போகப் போகப் பொடியானால், அந்த இடம் ஒரு காலத்தில் ஆற்றின் உள்கரைத் திட்டு. ஆறு விலகிப்போய் அது வயலாகியிருக்கிறது, திரும்பவும் வரலாம். இரண்டு களிமண் அடுக்குக்கு நடுவே மணல் அடுக்கு இருந்தால் உஷார். களிமண் துகள் பொடியானாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைப் பெயர்க்க அதிக வேகம் வேண்டும். மணலுக்கு ஒட்டும் தன்மை இல்லை. தண்ணீர் மணலை உருவியதும் மேலே களிமண் கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும், பிறகு மொத்தமாக விழும்.

எப்போது விழும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீரே கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. வெள்ளம் வேகமாக வடியும்போது, ஊறிக் கனத்த மண்ணுக்கு வெளியே தாங்கல் போய்விடுகிறது, உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியே தள்ளுகிறது. கரை சரிவது பெரும்பாலும் அப்போதுதான். வெள்ளம் வடிந்த மறுநாள் கரை விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். கரை எத்தனை உயரமோ குறைந்தது அத்தனை தூரம் உள்ளே நில்லுங்கள். கரைக்கு இணையாக விரல் நுழையும் வெடிப்பு ஓடியிருந்தால் அதற்கும் உள்ளே.

நிலம் காக்க ஏதாவது செய்ய வேண்டுமென்றால், முதலில் செங்குத்தை வெட்டி ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் நீளச் சரிவாக்கவும். சரிவில் வெட்டிவேர் நாற்றை 15 செ.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாக, தண்ணீர் போக்குக்கு இணையாக நடவும். கீழே நாணல் விடலாம். அடிப்பாதத்தில் பெருங்கற்கள் வேண்டும். அவற்றைப் படுகைமேல் வைத்தால் அடியில் மணல் உருவிக் கற்கள் கவிழும். வெள்ளம் தோண்டும் ஆழத்துக்குக் கீழே புதைக்க வேண்டும். அந்த ஆழத்தை எப்படி அறிவது என்று கடைசியில் இருக்கிறது. பிளாஸ்டிக் மூட்டை வெயிலில் ஓரிரு ஆண்டில் நைந்துபோகும். ஆற்றுப் புறம்போக்கில் எதைச் செய்தாலும் நீர்வளத்துறையிடம் அனுமதி வாங்குங்கள். ஆற்றுக்குள் நீட்டிக் கல் கட்டினால் ஓட்டம் எதிர்க்கரைக்குத் திரும்பும், அங்கேயும் ஒருவருக்கு வயல் இருக்கும்.

கரையோர நீர்மருதும் ஒரு அளவுகோல். வேர் பிரியும் கழுத்து நிலமட்டத்துக்கு மேலே தொங்கினால், அது முளைத்த காலத்து நிலம் அந்த உயரத்தில் இருந்திருக்கிறது. கழுத்திலிருந்து இன்றைய மண் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் பாறையில்

இங்கே மண் கரை இல்லை, அதனால் அரிப்பு வேறு மாதிரி. தண்ணீர் வெடிப்புக்குள் புகுந்து கட்டிகளைப் பிடுங்குகிறது. சுமந்துவரும் மணலும் கல்லும் பாறையைத் தேய்க்கின்றன. முதல் வேலைக்கு அடையாளம் கூர்விளிம்போடு ஒடிந்த படிகள். இரண்டாவதுக்கு வழுவழுப்பான வளைவுகளும் குடக்குழிகளும். பாறையில் இரண்டையும் தனித்தனியாகக் குறித்தால், வெடிப்பு நெருக்கமாக உள்ள இடத்தில்தான் அருவி பின்வாங்குகிறது என்பது தெரியவரும். காவிரி அங்கே ஒரே அருவியாக விழாமல் பல கிளையாகப் பிரிந்து விழுவதற்கும் இந்த வெடிப்புகளே வழி.

குடக்குழி என்பது சுழலில் சிக்கிய கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைந்த பள்ளம். வாயின் விட்டத்தையும் ஆழத்தையும் அளக்கவும். அடியில் உருண்டைக் கற்கள் சுத்தமாகக் கிடந்தால் குழி இன்னும் வேலை செய்கிறது. மண் சேர்ந்து புல் முளைத்திருந்தால் ஆறு அந்த மட்டத்தைக் கைவிட்டு நாளாகிறது. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் சுவர் உடைந்து சேர்ந்து ஒரு வாய்க்கால் ஆவதும் தெரியும். இடுக்குப் பள்ளம் ஆழமாவதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு.

கீழே மேட்டூர் நீர்த்தேக்கம். அணை முழுதாக நிரம்பி 120 அடியில் நிற்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 790 அடி, அதாவது சுமார் 241 மீட்டர். காவிரியின் வேகம் அந்த மட்டத்தைத் தொட்டதும் செத்துவிடும். முதலில் பருமணல், அப்புறம் பொடி மணல், கடைசியில் வண்டல் என்று சுமையை வரிசையாக இறக்கும். கோடையில் தண்ணீர் உள்வாங்கும்போது நாகமரைப் பக்கம் நீர்த்தேக்கத்தின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி நடந்து, 500 மீட்டருக்கு ஒரு பிடி மண் எடுத்து வரிசையாக வைத்தால் இது கண்ணுக்குத் தெரியும். வண்டல் மேல்பக்கம் வெடித்துக் காய்ந்திருந்தாலும் அடியில் சேறு முழங்கால் வரை இழுக்கும். குச்சியால் குத்திப் பார்த்து நடங்கள்.

அடுத்த வெள்ளத்துக்கு விட்டுவைக்க வேண்டியவை

கோடையில் அளந்ததோடு வந்துவிட்டால் பாதி வேலைதான். செங்குத்துக் கரையில் 60 செ.மீ. நீளக் கம்பிகளைக் கிடைமட்டமாக அடித்து 5 செ.மீ. மட்டும் வெளியே விடுங்கள். அடுத்த ஆண்டு எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்தால் அரிப்பு தெரியும். முனைக்குத் துணி சுற்றுங்கள், ஆடுமாடு உரசும். கல் திட்டில் 30 கற்களுக்கு எனாமல் பெயின்ட் அடித்து எண் எழுதி, ஒரே கோட்டில், எடுத்த பள்ளத்திலேயே திரும்பப் பதித்து வையுங்கள். மேலே சும்மா வைத்தால் சிறு வெள்ளமே தூக்கிப்போகும். எல்லாம் திரும்பக் கிடைக்காது.

தோண்டும் ஆழத்துக்குச் சங்கிலிதான் வழி. மணல் படுகையில் ஒன்றரை மீட்டர் குழி எடுத்து, மாடு கட்டும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையில் கல் கட்டி, செங்குத்தாக நிறுத்தி மணலை நிரப்பவும். மேல்முனை படுகை மட்டத்தில் இருக்கட்டும். கரையிலுள்ள இரண்டு மரங்களிலிருந்து தூரம் அளந்து எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு அந்த இடம் கிடைக்காது. வெள்ளத்துக்குப் பிறகு மெதுவாகத் தோண்டுங்கள். ஒரு மட்டம் வரை சங்கிலி நேராக நிற்கும், அதற்கு மேல் உள்ள பகுதி தண்ணீர் போன திசையில் படுத்திருக்கும். அந்த மடிப்பு வரைதான் வெள்ளம் தோண்டியது. மடிப்புக்கு மேலே உள்ள மணல் முழுக்க வெள்ளம் வடியும்போது திரும்பப் போட்டது. மேற்பரப்பு போன ஆண்டு இருந்த மட்டத்திலேயே இருந்தாலும் மடிப்பு 70 செ.மீ. கீழே இருக்கலாம். கரைக் கல்லை எந்த ஆழத்துக்குக் கீழே புதைப்பது என்பதற்கு எடுக்க வேண்டிய எண் அதுதான். ஒரே சங்கிலியை நம்பாமல் வெளிக்கரை ஓரம், நடு, உள்கரை என்று மூன்று இடத்தில் போட்டு, கிடைத்ததில் பெரியதை எடுங்கள்.